பச்சை யாருடைய நிறம்?

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஜவஹர்லால் நேரு கொண்டுவந்த கொடித் தீர்மானம் மிகச் சிறியது. தேசியக் கொடி ஆழ்ந்த காவி, வெள்ளை, அடர்பச்சை ஆகிய மூன்று நிறங்கள் சம அளவில் கிடைமட்டமாக அமைந்ததாக இருக்கும். வெள்ளைப் பட்டையின் நடுவில் கருநீலத்தில் ஒரு சக்கரம். சாரநாத்தில் அசோகர் நிறுத்திய சிங்கத் தூணின் தலைப்பில் உள்ள சக்கரமே அதன் வடிவம். அகலத்துக்கும் நீளத்துக்கும் விகிதம் 2:3. அவ்வளவுதான். காவி என்றால் தியாகம், வெள்ளை என்றால் சமாதானம், பச்சை என்றால் செழிப்பு என்று அந்தத் தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் நம் ஊரில் எந்தப் பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்று பதில்களும் வரிசையாக வரும். வாய்ப்பாடு மாதிரி. தேர்வில் மூன்று மதிப்பெண். நானும் இதைச் சொல்லித்தான் வளர்ந்தேன். பிறகு ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலையைச் சுற்றியுள்ள பள்ளிகளில் சமூக அறிவியல் ஆசிரியராகப் பல ஆண்டுகள் இதை நடத்தவும் செய்தேன். இந்தப் பதில்கள் தவறு என்று சொல்லவரவில்லை. இவை எங்கிருந்து வந்தன என்று சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே பேச்சு.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்ட் பதினைந்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் சார்ட் பேப்பரில் கொடி வரைந்து வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பச்சை ஸ்கெட்ச் பேனாவை நீட்டிப் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். “அத அவங்கிட்ட குடுரா. பச்ச அவங்க கலருதான? காவிதான் நம்மளுது.” பேனாவை வாங்கிய பையன் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. கோபப்படவில்லை, அழவுமில்லை. வாங்கிக்கொண்டு கீழ்ப்பட்டையை அடிக்க ஆரம்பித்தான். அவன் அப்படி அமைதியாக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. இதை அவன் முன்பே எங்கேயோ கேட்டுப் பழகியிருக்கிறான்.

சொன்னவன் கெட்ட பிள்ளை இல்லை. சுவரொட்டியிலும் ஊர்வலத்திலும் பார்த்ததைச் சொன்னான். “அப்படியெல்லாம் பேசக்கூடாது” என்று அதட்டி உட்காரவைப்பது சுலபம். ஆனால் அவன் சொன்னதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. 1921-ல் காந்தியே கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினார். அந்தத் துண்டை ஒளித்துவைத்துவிட்டு, ‘பச்சை என்றால் செழிப்பு, வாயை மூடு’ என்று சொன்னால் பிள்ளை நம்ப மாட்டான். வாத்தியார் மழுப்புகிறார் என்றுதான் நினைப்பான். அதனால் அன்றைக்குப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கரும்பலகையில் வரிசையாகக் கொடிகளை வரையத் தொடங்கினேன்.

முதல் கொடி 1907. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த சர்வதேச சோஷலிஸ்ட் மாநாட்டில் ஆகஸ்ட் 22 அன்று பிகாஜி காமா விரித்துக் காட்டியது. காமா அம்மையார் பம்பாயில் பிறந்த பார்சிப் பெண். அந்தக் கொடியில் பச்சைதான் மேலே. அந்தப் பட்டையில் எட்டுத் தாமரைகள். நடுவில் மஞ்சளுக்குப் பக்கமான காவி, அதில் ‘வந்தே மாதரம்’ என்ற சொற்கள். கீழே சிவப்பு, அதில் ஒரு சூரியனும் ஒரு பிறையும். பிள்ளைகளுக்கு முதல் ஆச்சரியம் இதுதான். “பச்ச மேல இருக்குதுங்க சார்!” ஆமாம், மேலே இருந்தது. மேலே, கீழே என்பதெல்லாம் வானத்திலிருந்து இறங்கிய கட்டளை இல்லை. மனிதர்கள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது.

இரண்டாவது 1917. சென்னை அடையாற்றில் இருந்த அன்னி பெசன்ட்டும் புனேயில் இருந்த திலகரும் நடத்திய ஹோம் ரூல் இயக்கத்தின் கொடி. ஐந்து சிவப்புப் பட்டை, நாலு பச்சைப் பட்டை, ஏழு நட்சத்திரங்கள், ஒரு பிறை. மேல் மூலையில் பிரிட்டிஷ்காரர்களின் யூனியன் ஜாக்! அதை வரைந்ததும் வகுப்பே சிரித்தது. “வெள்ளக்காரன் கொடிய எதுக்குங்க சார் உள்ள வெச்சாங்க?” நல்ல கேள்வி. அன்றைக்கு அவர்கள் கேட்டது முழு விடுதலை இல்லை, பேரரசுக்குள்ளேயே சுயாட்சி. கேட்ட அளவு கொடியில் தெரிகிறது. அதைக்கூட ஆட்சியாளர்கள் பொறுக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு மாஜிஸ்ட்ரேட் இந்தக் கொடிக்குத் தடை போட்டார். நம் பக்கத்து ஊர்க் கதை என்றதும் பின்வரிசையும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

மூன்றாவதுதான் அந்தப் பையனின் கேள்விக்குரிய கொடி. மசூலிப்பட்டினம் பக்கத்துக்காரரான பிங்கலி வெங்கையா பல ஆண்டுகள் கொடிகளைப் பற்றியே சிந்தித்தவர். 1916-லேயே கொடி மாதிரிகளைத் தொகுத்து ஒரு சிறுநூல் வெளியிட்டிருந்தார். 1921-ல் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியபோது காந்தி அவரிடம் ஒரு கொடி வரைந்து தரச் சொன்னார். சிவப்பும் பச்சையும், நடுவில் ராட்டை. ராட்டையைச் சேர்க்கும் யோசனை ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜுடையது. சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. கொடி தாமதமாக வந்ததால் கமிட்டியின் முன் வைக்க முடியவில்லை. தாமதமானதும் நல்லதுக்குத்தான் என்று காந்தி பின்னால் ‘யங் இந்தியா’வில் எழுதினார். யோசித்துப் பார்த்தபோது மற்ற மதத்தாருக்கு அதில் இடமே இல்லை என்று அவருக்குப் பட்டது. வெள்ளையும் சேர்ந்தது.

வரிசை எப்படி? வெள்ளை மேலே, பச்சை நடுவில், சிவப்பு கீழே. எண்ணிக்கையில் சிறியவர்கள் முதலில், பெரியவர்கள் கடைசியில். பலசாலி பலவீனனுக்குக் காப்பாக நிற்க வேண்டும் என்பது எண்ணம். மூன்று பட்டைகளையும் தொட்டுக்கொண்டு ராட்டை. ஆக, ‘பச்சை அவர்களுடையது’ என்று சொல்லப்பட்ட காலம் ஒன்று நிஜமாகவே இருந்தது. ஆனால் எதற்காகச் சொல்லப்பட்டது? பிரித்துவைக்க இல்லை, உள்ளே கொண்டுவர. இந்த வித்தியாசம் பன்னிரண்டு வயசுக்குப் புரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. புரியும். கூட்டாளி சேர்த்து விளையாடத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது. நிறத்துக்கு ஒரு மதம் என்று ஆரம்பித்தால் எங்கே முடிப்பது? ‘மற்றவர்கள்’ என்ற வெள்ளைக்குள் எங்களை அடைக்காதீர்கள், எங்களுக்கும் தனி நிறம் வேண்டும் என்று சீக்கியர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. இப்படியே போனால் கொடி வானவில் ஆகிவிடும். இன்னொரு பக்கம், வீட்டை அறை அறையாகப் பிரித்த மாதிரி ஆகிவிடும்.

1931-ல் கராச்சி காங்கிரஸ் சமயத்தில் இதைத் தீர்க்க ஏழு பேர் கொண்ட குழு போட்டார்கள். வல்லபாய் படேல், மௌலானா ஆசாத், மாஸ்டர் தாரா சிங், நேரு, காகா காலேல்கர், ஹர்டிகர், பட்டாபி சீதாராமையா. குழு என்ன பரிந்துரைத்தது தெரியுமா? முழுக் காவி. ஒரே நிறம். மூலையில் செம்பழுப்பில் ஒரு ராட்டை. படேல், ஆசாத், நேரு, தாரா சிங் எல்லாரும் சேர்ந்து கொடுத்த பரிந்துரை இது. ஆகஸ்டில் பம்பாயில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அதை ஏற்கவில்லை. மக்கள் பத்து வருஷமாகத் தூக்கிக்கொண்டு அடிபட்ட மூவர்ணத்தையே கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டது. சிவப்பு காவியாகி மேலே போனது, வெள்ளை நடுவுக்கு வந்தது, பச்சை கீழே. வெள்ளையில் நீல ராட்டை. கூடவே ஒரு விளக்கத்தையும் தீர்மானமாகப் போட்டது. இந்த நிறங்களுக்கு எந்த மத அர்த்தமும் கிடையாது. காவி வீரமும் தியாகமும், வெள்ளை சமாதானமும் உண்மையும், பச்சை நம்பிக்கையும் வீரப்பண்பும், ராட்டை ஏழை மக்களின் எதிர்பார்ப்பு.

வரைந்து முடித்துவிட்டுப் பையனிடம் கேட்டேன். “இப்பச் சொல்றா, பச்ச யாரோடது?” அவன் தலையைச் சொறிந்தான். “மொதல்ல அவங்களுது… அப்பறம் பொதுவாயிருச்சுங்க சார்.” அதைவிடச் சுருக்கமாக 1931 தீர்மானத்தை நான் எங்கும் படித்ததில்லை. பச்சை அடித்துக்கொண்டிருந்த பையன் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. கரும்பலகையில் இருந்த நாலு கொடிகளையும் தன் நோட்டில் வரைந்துகொண்டான்.

1947-ல் மறுபடி பேச வேண்டி வந்தது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் ஒரு குழு. அதில் நம் ராஜாஜி, அம்பேத்கர், சரோஜினி நாயுடு, ஆசாத் எல்லாரும் இருந்தார்கள். காங்கிரஸின் கொடி நாட்டின் கொடியாக வேண்டும், ஆனால் ஒரு கட்சியின் கொடியாகத் தெரியக்கூடாது. ராட்டையின் இடத்தில் சக்கரம் மட்டும் வந்தது. “ராட்டைய ஏனுங்க சார் எடுத்தாங்க?” என்று ஒரு பெண் கேட்டது. தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை. கேட்கத்தானே செய்யும். சபையில் நேரு சொன்ன காரணங்களில் ஒன்று பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். கொடி இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ராட்டையில் ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் கதிர். திருப்பிப் பார்த்தால் இடம் மாறிவிடும். காகிதத்தில் ராட்டை வரைந்து வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பார்க்கச் சொன்னால் போதும். காந்திக்கு இது மனத்தாங்கல்தான். ராட்டை இல்லாத கொடிக்கு வணக்கம் செலுத்த மாட்டேன் என்கிற அளவுக்குப் போனார். அதையும் சொன்னேன். தேசத்தந்தை என்று சொல்லிக்கொடுக்கப்பட்டவரே தேசியக் கொடியோடு மாறுபட்டிருக்கிறார் என்பதால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

அன்றைய சபைப் பேச்சில் நேரு இன்னொன்றும் சொன்னார். கொடியின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு சமூகத்தைக் குறிப்பதாகச் சிலர் தவறாக நினைக்கிறார்கள், இது உருவானபோது அப்படி எந்த மத அர்த்தமும் இருக்கவில்லை என்றார். 1931-ஐ வைத்துப் பார்த்தால் அது சரி. 1921-ஐ வைத்துப் பார்த்தால் முழுக்கச் சரியில்லை. ஆனால் தேசம் பிளந்துகொண்டிருந்த அந்த ஜூலையில் அவர் ஏன் அப்படிச் சொல்ல விரும்பினார் என்பது விளங்குகிறது. முஸ்லிம் லீக்கின் சவுத்ரி காலிகுஸ்ஸமான் எழுந்து தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். நம் ராதாகிருஷ்ணன் நிறங்களுக்குப் புதிய விளக்கம் தந்தார். காவி பற்றற்ற தன்மை, தலைவர்கள் சுயலாபம் பார்க்கக்கூடாது என்பதன் அடையாளம். வெள்ளை ஒளி, வாய்மையின் வழி. பச்சை நமக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு, எல்லா உயிரும் சார்ந்திருக்கும் பயிர்பச்சை. சக்கரம் அறம், அதோடு இயக்கம். இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் இருப்பது 1931 தீர்மானமும் 1947 பேச்சும் கலந்து வடிகட்டிய சாறு. அதனால்தான் பிள்ளைகளுக்குச் சப்பென்று இருக்கிறது. அதில் இருந்த வாக்குவாதத்தை எடுத்துவிட்டோம்.

சென்னிமலைப் பக்கம் கொடிக்கதை என்றால் அது குமரன் கதைதான். 1904-ல் சென்னிமலையில் பிறந்தவர். 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில், தடையை மீறிக் கொடியோடு ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்து மறுநாள் இறந்தார். இருபத்தேழு வயசு. எங்கள் பக்கத்து மாறுவேடப் போட்டிகளில் வருஷம் தவறாமல் ஒரு குமரன் வருவான். தலையில் கட்டு, சிவப்பு மை, கையில் கொடி. அந்தக் கொடியில் அசோகச் சக்கரம் இருக்கும். 1932-ல் சக்கரம் ஏது? குமரன் பிடித்த கொடியில் இருந்தது ராட்டை. நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை, தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவர், ராட்டை போட்ட கொடியைப் பிடித்துக்கொண்டு செத்தார் என்பது சின்ன விவரம் இல்லை. எங்கள் பள்ளியில் அதற்குப் பிறகு வந்த குமரன்களுக்கு ராட்டைக் கொடி வரைந்து கொடுத்தோம். ஏன் இது வேறு மாதிரி இருக்கிறது என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் குமரன் வேஷம் போட்ட பிள்ளையே விளக்கம் சொல்லும்.

குமரன் பிடித்தது தடைசெய்யப்பட்ட கொடி என்பதைப் பிள்ளைகள் சுலபமாக மறந்துவிடுகிறார்கள். இன்றைக்கு அது அரசாங்கத்தின் கொடி, தலைமையாசிரியர் ஏற்றும் கொடி, மிட்டாய் கொடுக்கும் கொடி. அன்றைக்கு அதைத் தெருவில் தூக்கினாலே சிறை. 1923-ல் நாக்பூரில் கொடியோடு வீதியில் நடக்கும் உரிமைக்காகவே ஒரு சத்தியாகிரகம் நடந்து, ஏராளமானவர்கள் கைதானார்கள். குமரன் இறந்த அதே 1932 ஜனவரியில், பாஷ்யம் என்கிற ஆர்யா சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவர்ணத்தைப் பறக்கவிட்டார். அதே கோட்டையில் 1947 ஆகஸ்ட் 15 அன்று ஏற்றிய கொடியைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். சென்னைக்குச் சுற்றுலா போகும் பள்ளிகள் வண்டலூரோடு திரும்பாமல் அங்கேயும் ஒரு மணிநேரம் நிற்கலாம்.

விடுதலைக்குப் பிறகும் ‘யார் ஏற்றலாம்’ என்ற கேள்வி முடியவில்லை. மாநிலங்களில் சுதந்திர தினத்தன்று ஆளுநர்தான் கொடியேற்றி வந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சருக்கு அந்த உரிமை வேண்டும் என்று மு. கருணாநிதி கேட்டு வாங்கினார். 1974 ஆகஸ்ட் 15 முதல் எல்லா மாநிலங்களிலும் முதலமைச்சர்களே ஏற்றுகிறார்கள். சாதாரண குடிமகன் தன் இடத்தில் எல்லா நாளும் கொடியேற்றலாமா? நவீன் ஜிண்டால் வழக்குப் போட்டார். 2002-ல் புதிய கொடி விதிகள் வந்தன. 2004-ல் உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடியேற்றுவது கருத்து வெளிப்பாட்டு உரிமையில் அடங்கும் என்றது. எந்தத் துணியில் என்பதும் மாறிவிட்டது. கையால் நூற்றுக் கையால் நெய்த துணிதான் கொடி என்றிருந்த விதி 2021 டிசம்பரில் தளர்ந்து, இயந்திரத்தில் செய்ததும் பாலியஸ்டரும் அனுமதிக்கப்பட்டன. நான் ஓய்வுபெற்ற பிறகு நடந்தது இது. நடத்திக்கொண்டிருந்திருந்தால் அந்தத் தறிக்காரப் பெண் மாதிரிப் பிள்ளைகள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். “எங்கப்பா நெய்யறதுல செஞ்சா என்னங்க சார்?” என்ற கேள்வி நிச்சயம் வந்திருக்கும். அரசியல் பாடம் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

இதையெல்லாம் கேட்கும் சக ஆசிரியர்கள் சிலர் சொல்வார்கள். “இவ்வளவு பேசவிட்டா பயபக்தி போயிருமே சார். மொதல்ல மரியாதை வரட்டும், வரலாறு அப்பறம் வரட்டும்.” அவர்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. நானூறு பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்துவது விளையாட்டில்லை. ஆனால் மரியாதையை எவ்வளவு தூரம் கட்டாயப்படுத்தலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. அது கொடியைப் பற்றியது அல்ல, தேசிய கீதத்தைப் பற்றியது. கேள்வி ஒன்றுதான்.

கேரளத்தில் ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகள். பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். காலைக் கூட்டத்தில் கீதம் பாடும்போது எழுந்து மரியாதையாக நிற்பார்கள், பாட மாட்டார்கள். அவர்கள் நம்பிக்கை அப்படி. ஒரு சட்டமன்ற உறுப்பினர் இதைக் கவனித்துச் சட்டமன்றத்தில் எழுப்பினார். விசாரித்த குழு, பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றே சொன்னது. இருந்தும் 1985 ஜூலையில் பள்ளியை விட்டு வெளியேற்றினார்கள். உயர் நீதிமன்றம் கைவிரித்தது. 1986 ஆகஸ்ட் 11 அன்று, சுதந்திர தினத்துக்கு நாலு நாள் முன்னால், உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். பாடித்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நிற்பதே மரியாதைதான் என்பது தீர்ப்பின் சாரம். சகிப்புத்தன்மை நம் மரபில் இருக்கிறது, அரசியல் சட்டத்தில் இருக்கிறது, அதில் தண்ணீர் கலக்காதீர்கள் என்ற பொருளில் முடித்திருந்தார்.

அந்தத் தீர்ப்பில் அமெரிக்க வழக்குகளும் பேசப்படுகின்றன. அங்கேயும் இதே பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தார்கள். 1940-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பள்ளி கட்டாயப்படுத்தலாம் என்றது. தொடர்ந்து அந்தப் பிரிவினர் பல ஊர்களில் தாக்கப்பட்டார்கள். அன்று அமெரிக்கப் பள்ளிகளில் கையை முன்னால் நீட்டித்தான் கொடிவணக்கம். பார்த்தால் ஹிட்லருக்குச் செய்யும் வணக்கம் மாதிரியே இருக்கும். 1942 கடைசியில் நெஞ்சில் கை வைப்பதாக அதை மாற்றினார்கள். 1943 ஜூன் 14 அன்று, அவர்களுடைய கொடி நாளிலேயே, அதே நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பை மாற்றிக்கொண்டது. உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, தேசபக்தி மிக அதிகமாகத் தேவைப்பட்ட சமயத்தில், அதைப் பிள்ளைகள் மேல் திணிக்கக்கூடாது என்று ஒரு நாடு முடிவெடுத்தது.

மரியாதையும் வரலாறும் எதிரெதிரானவை என்று எனக்குத் தோன்றவில்லை. 1931-ல் தாரா சிங்கும் ஆசாத்தும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, ஒரு பரிந்துரை கொடுத்து, அது நிராகரிக்கப்பட்டு, அதற்குப் பிறகும் சேர்ந்தே இருந்தார்கள் என்று தெரிந்த பிள்ளைக்குக் கொடிமேல் மதிப்பு குறையாது. பேசிப் பேசித்தான் இது நம்முடையதாயிற்று என்று அதற்குத் தெரியும். வெறும் மூன்று வார்த்தைகளை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, நாளைக்கு யாராவது வந்து வேறு மூன்று வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தால் அதையும் மனப்பாடம் செய்துகொள்ளும்.

இளம் ஆசிரியர்கள் ஆகஸ்ட் நெருங்கும்போது போன் பண்ணி, பிள்ளைகளுக்கு என்ன பேசலாம் என்று கேட்பதுண்டு. நான் சொல்வது ஒன்றுதான். பேச்சுப்போட்டித் தாளைக் கொஞ்சம் தள்ளி வையுங்க. 1907, 1917, 1921, 1931, 1947 என்று ஐந்து கொடியைக் கரும்பலகையில் வரையுங்க. ஒவ்வொன்றிலும் பச்சை எங்கே இருக்குதுன்னு மட்டும் பிள்ளைங்களையே காட்டச் சொல்லுங்க. ஏன் இடம் மாறிச்சு, ஏன் அர்த்தம் மாறிச்சுன்னு அவங்களே கேட்பாங்க. ஒரு பீரியடு பத்தாது, ரெண்டு பீரியடு எடுத்துக்குங்க.